93 முறை தோற்ற கதை

'பாஸ்' என்றால் நம்மில் பலருக்கு ஆபீஸ் மேலதிகாரிதான் ஞாபகத்துக்கு வருவார். லீவு கேட்டால் முகம் சுளிப்பவர். மார்ச் மாதக் கடைசியில் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைப்பவர். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு "பாஸை அடிச்சாச்சு!" என்று கூச்சல் போடுகிறார்களே, அந்த பாஸ் வேறு. வீடியோ கேம்களில் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வழிமறித்து நிற்கும் பெரிய எதிரிக்கு அந்தப் பெயர். சில்லறை எதிரிகளை வெட்டித் தள்ளிவிட்டு வருகிறவனை இந்த பாஸ் ஒரே தட்டில் கீழே வீழ்த்துவார். பிறகு மறுபடியும் ஆரம்பம்.

கந்த சஷ்டிக்கு ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போய் வருகிற நமக்கு இது புதிய விஷயமே அல்ல. சூரபத்மனை விடப் பெரிய பாஸ் உண்டா? ஆறு நாள் போர். யானைமுகத் தாரகன், சிங்கமுகன் என்று தம்பிமாரை முதலில் முடித்தாக வேண்டும். அதன் பிறகும் சூரன் உருவம் மாறி மாறி வருகிறான். கடைசியில் கடல் நடுவே மாமரமாய் நிற்கிறான். வேல் அதை இரண்டாகப் பிளந்த பிறகுதான் மயிலும் சேவலுமாகி அடங்குகிறான். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்தவர்கள் இந்தக் கேம்களின் இலக்கணத்தை ஏற்கெனவே அறிந்தவர்கள்தான்.

இந்தக் கட்டுரை அப்படி ஒரு எதிரியைப் பற்றியது. பெயர் மலேனியா. நான் அவளிடம் 93 முறை தோற்று, 94-வது முறை ஜெயித்தேன். 54 வயதில், கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒருவன் எதற்காக இந்த வேலையில் இறங்கினான் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் அவள் யார் என்று தெரிந்துகொள்வோம்.

மலேனியா யார்?

'எல்டன் ரிங்' என்பது 2022 பிப்ரவரி 25-ல் வெளியான ஓர் அதிரடி விளையாட்டு. நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதற்கு ஆயுதம், கவசம், பலம் எல்லாம் சிறுகச் சிறுகச் சேர்த்து வளர்க்கும் வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய நிறுவனமான ஃப்ரம்சாஃப்ட்வேர் தயாரித்தது. இயக்கியவர் ஹிதேதகா மியாசாகி. அந்த உலகத்தின் புராணக் கதையை எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்; டிவியில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். 2022-ன் சிறந்த விளையாட்டு என்ற விருது வாங்கியது. 2025-க்குள் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. தாய்லாந்து மொழியில்கூட எழுத்துகள் வருகின்றன. தமிழிலோ தெலுங்கிலோ ஹிந்தியிலோ கிடையாது.

இதில் 'எளிது', 'கடினம்' என்று தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. பத்து வயதுப் பையனுக்கும் எனக்கும் ஒரே கேள்வித்தாள்.

மலேனியா இந்த விளையாட்டின் ஒரு மூலையில், ஒரு பெரிய மரத்தின் அடிவேரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தொடாமலே கதையை முடித்துவிடலாம். வேண்டுமென்று தேடிப் போனால்தான் அகப்படுவாள். ஒரு கை உலோகக் கை. அதில் நீண்ட வாள். தோல்வியையே அறியாதவள் என்று தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வாள்.

அவளிடம் மூன்று கஷ்டங்கள். முதலாவது, நம்மை ஒருமுறை வெட்டினால் அவளுக்கு இழந்த உயிர் கொஞ்சம் திரும்ப ஏறும். கேடயத்தில் அந்த வெட்டைத் தாங்கினாலும் ஏறும்! தேவி மகாத்மியத்தில் ரக்தபீஜன் என்று ஓர் அசுரன். அவன் ரத்தம் சொட்டுச் சொட்டாய் விழ விழ, ஒவ்வொரு சொட்டிலிருந்தும் ஓர் அசுரன் எழுவான். இவள் அதற்கு நேர்மாறு. நம் ரத்தத்தில் பிழைக்கிறவள். ஆகவே கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காலம் தள்ள முடியாது. அடி படாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

இரண்டாவது, 'நீர்ப்பறவை நடனம்' என்று ஒரு தாக்குதல். அவளுடைய உயிர்க்கோடு கால் பங்கு குறைந்ததும் ஆரம்பிப்பாள். திடீரென்று அந்தரத்தில் எழும்பி ஒரு கணம் நிற்பாள். பிறகு சுழன்று சுழன்று அலை அலையாய் வெட்டுவாள். பக்கத்தில் நின்றால் முதல் அலையிலேயே கதை முடிந்துவிடும்.

மூன்றாவது, அவள் உயிர்க்கோடு முழுவதும் தீர்ந்து, 'அப்பாடா' என்று நாம் மூச்சு விடும் நேரத்தில், மறுபடியும் எழுந்து வருவாள். இந்தத் தடவை பட்டாம்பூச்சிச் சிறகுகளோடு. மேலிருந்து செந்நிற மலராய் வந்து விழுவாள். அதில் சிக்கினால் உடம்பு அழுகத் தொடங்கும். என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு 81 வயது. "ஏம்ப்பா, இவளும் சூரன் வம்சமா? எத்தனை தடவைதான் உருவம் மாறுவா?" என்று கேட்டாள்.

விளையாட்டு வெளியாகி ஓராண்டு ஆனபோது, 2023 பிப்ரவரியில், தயாரிப்பாளர்களே ஒரு புள்ளிவிவரம் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் ஜனங்கள் மலேனியாவோடு மோதிய தடவைகள் 32 கோடியே 90 லட்சம். வேறு எந்த பாஸோடும் அத்தனை தடவை மோதவில்லை. என் 94-ம் அந்தக் கணக்குக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஒரு துளி.

எதற்காக இறங்கினேன்?

என் பையன் மேல்படிப்புக்காக ஜெர்மனி போய்விட்டான். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவன். அவன் இங்கிருந்து இன்னும் தூரம் போனான். நம் சங்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணுவான்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"குளிர் எப்படி?"

"இருக்குப்பா."

"அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

இவ்வளவுதான். பிரியம் இல்லாமல் இல்லை. பேசுவதற்கு இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. என் ஆபீஸ் ஜி.எஸ்.டி. விவகாரம் அவனுக்கு வேண்டாம். அவனுடைய பாடம் எனக்குப் புரியாது. அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரும், கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரும் அலமாரிப் பக்கத்தில் உறை போட்டபடி இருந்தன. ஒரு சனிக்கிழமை, "அந்த எல்டன் ரிங்கை எப்படிடா ஆரம்பிக்கிறது?" என்று கேட்டேன். அன்றைக்குப் பேச்சு ஐம்பது நிமிஷம் போயிற்று.

அதிலிருந்து தினம் ஒரு மணி நேரம். சின்னச் சின்ன எதிரிகளைத் தாண்டி, ஏழெட்டு மாதத்தில் மலேனியாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தேன்.

பேரேடு

பையன் சொன்ன முதல் உபதேசம் எனக்கு மிகவும் பிடித்தது. "அப்பா, முதல் நாலஞ்சு தடவை அடிக்கவே அடிக்காதீங்க. சும்மா சுத்திச் சுத்தி ஓடுங்க. அவ என்ன பண்றான்னு மட்டும் பாருங்க."

இந்த வகை விளையாட்டுகளின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. பாஸ் எவ்வளவு பயங்கரமானவராக இருந்தாலும், அவரிடம் இருக்கும் வித்தைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் முன் ஓர் அறிகுறி உண்டு. தோள் சாயும், கால் பின்வாங்கும், வாள் பக்கவாட்டில் தாழும். அந்த அறிகுறி ஒருநாளும் மாறாது. வித்தைகள் வரும் வரிசை மட்டும் மாறும். அடி வருகிற சமயத்தில் பொத்தானைத் தட்டினால் நம் ஆள் தரையில் உருளுவான். உருளும் அந்த இமைப்பொழுதில் வாள் அவன் மேல் படாது. இதில் ஃப்ரம்சாஃப்ட்வேர்காரர்கள் ஒரு விஷமம் வைத்திருக்கிறார்கள். ஓங்கிய வாளை உடனே இறக்க மாட்டார்கள். ஒரு கணம் தாமதித்து இறக்குவார்கள். பயந்து முன்னாலேயே உருண்டவன், உருண்டு எழும் இடத்தில் வெட்டு வாங்குவான். பதற்றத்துக்குத் தண்டனை, பொறுமைக்குப் பரிசு.

நான் கணக்கு எழுதுகிறவன். ஆகவே ஒரு பழைய நோட்டில் பத்தி போட்டு எழுதினேன்: தேதி, எத்தனையாவது முயற்சி, எந்த வித்தையில் செத்தேன், அவளுக்கு எவ்வளவு உயிர் மிச்சம். முதல் 60 முயற்சிக்கு ஐந்தொகை போட்டுப் பார்த்தபோது படம் தெளிவாயிற்று. நீர்ப்பறவை நடனத்தில் 38. இரண்டாம் பிறவியில் மலராய் விழும் அடியில் 9. மற்ற எல்லா வித்தைகளும் சேர்ந்து 13. அதாவது, அவளுடைய பத்துப் பதினைந்து வித்தைகளில் என்னை உண்மையில் கொல்வது ஒன்றே ஒன்றுதான்.

அதன் பிறகு அந்த ஒன்றை மட்டும் சாதகம் பண்ணினேன். அவள் அந்தரத்தில் எழும்பியதும் எதிர்த் திசையில் ஓட்டம். முதல் அலை எட்டாது. இரண்டாவது அலைக்கு அவள் பக்கமாகவே உருண்டு அவளுக்கு அடியில் புகுந்துவிட வேண்டும். மூன்றாவதுக்கும் அப்படியே. விலகி ஓட நினைத்தால் வாள் துரத்தி வரும். நெருங்கிப் போனால் தலைக்கு மேல் போய்விடும். இதை விரல்கள் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. வேறு வழிகளும் உண்டு. பனிக்கட்டியாய் உறைய வைக்கும் ஒரு ஜாடியை எறிந்தால் நடனம் பாதியில் நிற்கும். ரத்தப்போக்கு உண்டாக்கும் வாள் வகைகள் அவளிடம் நன்றாக எடுபடும். நான் வைத்திருந்தது உச்சிகடானா என்ற சாதாரண ஜப்பானிய வாள்தான்.

தொலைபேசியில் வந்த சேதி

சுமார் எழுபதாவது தோல்வி சமயம். சனிக்கிழமை. என் நோட்டை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "இந்த வாரம் பதினொரு தடவை அவுட்டுடா" என்று சிரித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அப்பா, நானும் ஒண்ணுல அவுட்டுப்பா" என்றான்.

ஒரு பாடத்தில் பெயிலாகியிருந்தான். ரிசல்ட் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சையை மூன்று தடவைதான் எழுத விடுவார்கள். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டி வரலாம். இந்த பயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டேன்ப்பா, குளிர் இருக்குப்பா" என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

பள்ளிக்கூடத்தில் முதல் மூன்று ராங்குக்குள் வந்த பையன். வெளியூரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளை பாஸாவது ஒன்றுதான் நாம் ஊருக்குச் சொல்லிக்கொள்ளும் செய்தி. அவன் அதை எப்படி வாய் திறந்து சொல்வான்? ஆனால் எழுபது தடவை தோற்றதை வாராவாரம் வெட்கமில்லாமல் ஒப்பிக்கிற அப்பாவிடம், ஒரு தடவை தோற்றதைச் சொல்ல அவனுக்கு அன்றைக்கு வாய் வந்தது.

நான் ஒன்றுதான் கேட்டேன்: "எந்த அடியில செத்த?"

அவனுக்குத் தெரியவில்லை. அங்கே திருத்திய விடைத்தாளை மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்களாம். போகக் கூச்சப்பட்டு இருந்தவன், பிறகு போனான். நாலு கேள்விகளில் மூன்று சரியாகவே இருந்தன. பெரிய மார்க்குள்ள ஒரே கேள்வியில் மொத்தமும் போயிருந்தது. அவனுடைய நீர்ப்பறவை நடனம் அது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்து வைத்துப் படித்தான். இரண்டாவது தடவையில் தேறிவிட்டான்.

பனியில் சிக்கிய கார்

இந்த விளையாட்டுகளைப் படைக்கும் மியாசாகியின் வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது. ஷிஸுவோகா என்ற ஊரில் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். புத்தகம் வாங்கக் காசில்லாமல் நூலகத்தில் எடுத்துப் படிப்பாராம். வயதுக்கு மீறிய புத்தகங்கள். பாதி இடம் புரியாது. புரியாத இடங்களைப் படத்தைப் பார்த்துத் தானே கற்பனை பண்ணி நிரப்பிக்கொள்வாராம். இவர் படைப்புகளில் கதை முழுதாகச் சொல்லப்படாமல் துண்டு துண்டாய்க் கிடப்பதற்கு அதுவே காரணம். தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்து மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும் நம் வீட்டுக் குழந்தைகளை நினைத்துக்கொண்டேன். படித்து முடித்து, நம் ஹைடெக் சிட்டிக்காரர்களுக்குப் பழக்கமான ஆரக்கிள் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதை விட்டு, 2004-ல், 29 வயதில் ஃப்ரம்சாஃப்ட்வேரில் சேர்ந்தார். பத்தே வருஷத்தில், 2014-ல், அதன் தலைவரானார்.

அவர் சொன்ன ஒரு சம்பவம். பனி பெய்த ஒரு நாள், மேட்டில் ஏற முடியாமல் அவருடைய காரும் மற்றக் கார்களும் வழுக்கி நின்றன. பின்னால் இருந்த கார் முன்னால் இருந்ததை முட்டித் தள்ள, அப்படியே ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எல்லாரும் மேடு ஏறிவிட்டார்கள். நின்று நன்றி சொன்னால் மறுபடி வழுக்கும். ஆகவே யாருக்கும் நன்றி சொல்லாமலே போக வேண்டியிருந்தது. கடைசிக் கார் என்ன ஆயிற்றோ என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. 2009-ல் வந்த 'டீமன்ஸ் சோல்ஸ்' விளையாட்டில், முன்பின் தெரியாதவர் ஒளியுருவாய் நம் ஆட்டத்துக்குள் வந்து உதவிவிட்டு மறைந்துபோகும் ஏற்பாட்டை அவர் வைத்தது இதிலிருந்துதான். எல்டன் ரிங்கிலும் அது இருக்கிறது. தரையில் பொன்னிறத்தில் ஒரு குறி தெரியும். தொட்டால் ஒருவர் வருவார்.

மலேனியாவுக்கென்றே அப்படி ஒரு மகானுபாவர் வந்தார். தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு துண்டு, இரண்டு வாள்; கவசம் கிடையாது. 'லெட் மீ சோலோ ஹெர்' என்ற புனைபெயர். அதாவது, நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போய், 2022-க்குள் ஆயிரம் தடவைக்கு மேல் மலேனியாவை வீழ்த்திக் கொடுத்தார். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனம் அவருக்கு ஒரு நிஜ வாளைப் பரிசாக அனுப்பிவைத்தது.

94-வது முறை

நானும் கூப்பிட்டேன், என் பையனை. இருவரும் ஒரே ரகசியச் சொல்லை வைத்துக்கொண்டால் குறி மற்றவருக்குத் தெரியும். அங்கே சாயங்காலம், இங்கே ராத்திரி. நான் நிற்கும் மண்டபத்தில் ஒரு பொன்னுருவம் எழுந்து, இரண்டு கையையும் குவித்து வணங்கியது. என் அம்மா கிட்டே வந்து, "யாரு, நம்ம புள்ளையா?" என்று திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

துணை வந்தால் எதிரிக்கும் உயிர் கூடும். அதுதான் இந்த விளையாட்டின் நியாயம். நாலு தடவை தோற்றோம். ஐந்தாவது தடவை, முதல் பிறவி சுலபமாக முடிந்தது. இரண்டாவதில், அவள் கவனம் என் பக்கம் திரும்பியபோதெல்லாம் அவன் பின்னாலிருந்து வெட்டி இழுத்துக்கொண்டான். உயிர்க்கோட்டில் சுண்டுவிரல் அளவு மிச்சம் இருக்கும்போது அவன் விழுந்து மறைந்தான். போனில் குரல் மட்டும் இருந்தது. "அடிக்காதீங்கப்பா... எழும்புறா... ஓடுங்க... இப்ப உள்ள போங்க..." உள்ளே போனேன். தலைக்கு மேல் வாள் போயிற்று. அவள் தரையில் கால் ஊன்றியதும் இரண்டு வெட்டு, ரத்தப்போக்கு நிரம்பியது. திரையில் எழுத்து வந்தது. பக்கத்து ஃபிளாட்டில் தெலுங்குக்காரர் கதவைத் தட்டி, "ஏமைந்தண்டி?" என்று விசாரிக்கும் அளவுக்கு என் மனைவி கத்திவிட்டாள்.

நம் ஊரும் நம் பிள்ளைகளும்

இந்தத் துறை நமக்கு அயலானது என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற உலகப் பெரிய கேம் கம்பெனிக்கு நம் ஹைதராபாதில் அலுவலகம் இருக்கிறது. இந்தியா முழுவதிலிருந்தும் கேம் தயாரிப்பாளர்கள் கூடும் மாநாடு 2023, 2024 ஆண்டுகளில் நம் எச்.ஐ.சி.சி. அரங்கில்தான் நடந்தது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2020-ல் 'ராஜி' என்ற விளையாட்டை வெளியிட்டது. அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண். துர்க்கையும் விஷ்ணுவும் அவளுக்குத் துணை. எதிரே நிற்பவன் மகாபலாசுரன். 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்ட முயன்று இலக்கை எட்ட முடியாமல் போனவர்கள், விடாமல் மூன்று வருஷத்தில் முடித்துக் காட்டினார்கள். நாளைக்குச் சூரபத்மனையும் யாராவது செய்யலாம். அது நம் சங்கத்துப் பிள்ளையாக இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. எல்டன் ரிங் ஐரோப்பாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று தரம் பிரிக்கப்பட்டது. ரத்தமும் கோரமும் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கும் நேரக் கட்டுப்பாடு அவசியம். பரீட்சைக் காலத்தில் உறை போட்டு மூடி வைப்பதே உத்தமம். ஆனால், "அந்தச் சனியனை அணைச்சுட்டு வா" என்று சமையலறையிலிருந்து சத்தம் போடுவதற்கு முன்னால், ஒரு நாள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இவன் யாரு? இவனை எப்படி அடிக்கணும்?" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆட வராவிட்டாலும் பரவாயில்லை. அவர்களுக்குச் சொல்லித்தர வரும். நமக்குச் சொல்லிக்கொடுக்கும் சந்தர்ப்பம் பிள்ளைகளுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

சங்கத்தின் பொங்கல் விழாவில் கோலப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல் எல்லாம் வைக்கிறோம். அடுத்த முறை ஒரு மேஜையில் ஒரு கம்ப்யூட்டரும் வைத்தால் என்ன? பிள்ளைகள் ஆடட்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்று, அவள் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். செயற்குழு அன்பர்கள் யோசிக்க வேண்டுகிறேன். நோட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.